கிறிஸ்துமஸுக்குக் கையால் செய்து கொடுக்க: நட்சத்திரம், கேழ்வரகு நாற்று, முந்திரிக்கொத்து

கிறிஸ்துமஸுக்கு எதையும் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்து அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்க ஆசை, ஆனால் கைவேலையில் பழக்கம் இல்லை, எதில் தொடங்கலாம், எப்போது தொடங்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது இருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். பத்து வருஷத்துக்கு மேலாக டிசம்பரில் இந்த வேலைதான் எனக்கு, அதில் உருப்படியாக வந்தது பாதி, குப்பைக்குப் போனது பாதி. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

என்ன செய்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் எத்தனை வீட்டுக்கு என்று எண்ணுங்கள். நான் முதல் வருஷம் முப்பது வீட்டுக்கு என்று கிளம்பினேன். சிரட்டையில் (சென்னையில் கொட்டாங்குச்சி என்பார்கள்) மெழுகு ஊற்றி வாசனை மெழுகுவர்த்தி. பார்க்க அவ்வளவு அழகு, செலவும் குறைவு, வீடியோவில் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. சிரட்டையின் நாரை உள்ளேயும் வெளியேயும் தேய்த்து எடுக்கவே எனக்கு ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆனது, விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது. மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. காலையில் பார்த்தால் எல்லாச் சிரட்டையிலும் திரியைச் சுற்றி நடுவில் ஒரு குழி. கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்திருந்து இரண்டாம் தடவை ஊற்றினால்தான் மட்டமாக வரும். போதாததற்கு, அவ்வளவு அகலச் சிரட்டைக்கு ஒல்லியான திரி போட்டிருந்தேன், அது நடுவில் மட்டும் கிணறு வெட்டின மாதிரி உருகி உள்ளே இறங்கித் தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்துபோனது. கொடுத்த இடத்தில் யாரும் குறை சொல்லவில்லைதான், ஆனால் அடுத்த வருஷம் போன ஒரு வீட்டில் அதே சிரட்டை ஷோகேஸில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, ஏற்றவும் முடியவில்லை போல.

அதற்குப் பிறகு ஷோகேஸுக்குப் போகிற எதையும் செய்வதில்லை. தின்று தீர வேண்டும், இல்லையென்றால் அந்தப் பண்டிகைக்குப் பயன்பட்டு முடிய வேண்டும். எண்ணிக்கையும் ஐந்து வீடு, மிஞ்சினால் ஏழு. இப்போது நான் செய்பவை மூன்றே மூன்று.

முதலில் நட்சத்திரம், ஏனென்றால் அதற்குத்தான் அதிக நாள் வேண்டும், எனக்குப் பிடித்ததும் அதுதான். எங்கள் ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மடக்கி விரிக்கிற அட்டை நட்சத்திரம் வராத வீடுகள் நிறைய. அப்பா மூங்கிலைப் பிளந்து வெட்டுக்கத்தியால் சிம்பு சீவுவார், நாங்கள் பசை காய்ச்சுவோம். பத்துச் சிம்பு, எல்லாம் ஒரே நீளம், ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஐந்து முனை நட்சத்திரம் வரைவோமே, அதே வரிசையில் ஒன்றின் நுனியில் அடுத்ததைக் கட்டிக்கொண்டே வந்தால் ஐந்து சிம்பில் ஒரு நட்சத்திரம் முடியும். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. பழக்கமில்லாதவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், ஒரு கை நீளமாகவும் ஒரு கை சூம்பியும் போய்விடும், ஏனென்றால் சிம்புகள் ஒன்றையொன்று எங்கே வெட்டிக்கொள்ள வேண்டும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்பா இதற்கு ஸ்கேல் தொட்டு நான் பார்த்ததில்லை. சிம்பு நீளத்துக்கு ஒரு நூலை அறுத்து மூன்று தரம் மடிப்பார். எட்டுப் பாகம். இந்த முனையிலிருந்து மூன்றாவது மடிப்பில் கரியால் ஒரு கோடு, அந்த முனையிலிருந்து மூன்றாவது மடிப்பில் இன்னொரு கோடு, அவ்வளவுதான், கோட்டோடு கோடு சேருகிற இடத்தில் கட்டு. பல வருஷம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒரு கோட்டை இன்னொன்று வெட்டுவது நீளத்தில் 0.382 பங்கில், அதாவது 90 சென்டிமீட்டர் சிம்பில் 34.4-ல். அப்பாவின் நூல் சொல்வது 33.75. முக்கால் சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை, அவர் படித்தது எட்டாம் வகுப்பு. (ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியன் சபைப் பள்ளியில் 1830-களில் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கத்தான் காகித நட்சத்திரம் செய்ய வைத்தார்கள், அதுதான் அங்கே கிறிஸ்துமஸ் நட்சத்திரமாகப் பரவியது என்பார்கள். அது பல முனை உள்ள வேறு வகை. ஆனாலும் கணக்கு வாத்தியார் கையில் பிறந்த பொருள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.)

சரி, இரண்டு நட்சத்திரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனியையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் ஐந்து மூலை வரும் இல்லையா, அந்த ஒவ்வொரு மூலையிலும் முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்தால் நட்சத்திரம் வயிறு உப்பிக்கொண்டு எழும்பும். அந்த நிமிஷம் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. "கெட்டு லூசா இருந்தா ராத்திரிக் காத்துக்கு நிக்காது மக்கா" என்று அப்பா ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பார், நீங்களும் இழுத்துப் பாருங்கள்.

பசைக்கு இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை அடுப்பில் கிண்டினால் போதும். கரப்பானும் பூச்சியும் அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்கள், ஆனால் அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற வேலை என்றால் வேண்டவே வேண்டாம். காற்றாடி விடுகிற மெல்லிய தாள் வாங்குங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு நிறம், பக்கவாட்டில் வருகிற பத்து முக்கோணத்துக்கு இன்னொரு நிறம், அதில் ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டால் பல்பு மாட்ட வழி. ஒட்டும்போது தாள் தொளதொள என்று இருக்கிறதே என்று இழுத்துக் கிழிக்காதீர்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தால் மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் 40 வாட் குண்டு பல்பைப் போட்டுவிட்டுத் தாள் பொசுங்குகிறதா என்று ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கணும், இப்போது 5 வாட் எல்.இ.டி. போதும். மழைக்கு மட்டும் மருந்து கிடையாது. சென்னையில் டிசம்பர் மழை எப்போது வரும் என்று யார் கண்டது, கூரைக்கு அடியில் மாட்டச் சொல்லிக் கொடுங்கள். நான் சொல்லாமல் கொடுத்த ஒரு வருஷம் மறுநாளே வெறும் எலும்புக்கூடு தொங்கியது.

ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு சாயங்காலம் ஆகும், அதனால் வருஷத்துக்கு இரண்டுதான் செய்கிறேன், யாருக்கு என்பதில் வீட்டில் சண்டையே வரும். டிசம்பர் முதல் வாரத்தில் மூங்கில் வந்துவிட வேண்டும். தட்டி, கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் சிம்பாகவே சீவித் தருவார்கள்.

இரண்டாவது, செலவே இல்லாதது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது: கேழ்வரகு நாற்று. குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுக்கொட்டகைக் காட்சி, வைக்கிறவர்களுக்குப் புல்தரை வேண்டும். எங்கள் வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), குடில் ஆசை வந்தது பக்கத்து ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டைப் பார்த்து. அந்த வீட்டு அக்கா ஒவ்வொரு வருஷமும் பழைய தட்டுகளில் கேழ்வரகு விதைப்பாள், 24-ஆம் தேதி சாயங்காலம் அதைத் தூக்கி வந்து மாட்டுக்கொட்டகையைச் சுற்றி வைத்தால் பச்சைப் பசேல் என்று நிஜ வயல். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் முதல் குடில் வைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினாராம். நமக்கு அவ்வளவு முடியாது, புல்லாவது உயிரோடு இருக்கட்டும்.

14-ஆம் தேதி ராத்திரி ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறப்போடுங்கள். கடையில் விற்கிற முழுக் கேழ்வரகு, மாவு இல்லை (சிரிக்காதீர்கள், ஒருவர் கேட்டிருக்கிறார்). மறுநாள் அடியில் ஓட்டை போட்ட தகர டப்பா மூடியிலோ ஐஸ்கிரீம் டப்பாவிலோ இரண்டு விரல் உயரத்துக்கு மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் தூவுங்கள். இரண்டு நாள் ஈரத்துணி மூடி வைத்தால் முளை கிளம்பிவிடும், கிளம்பியதும் உடனே வெயிலுக்கு. நிழலிலேயே விட்டால் மஞ்சளாக, ஒல்லியாக வளர்ந்து சாய்ந்துவிடும். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். பத்து நாளில் விரல் உயரத்துக்கு வந்துவிடும். குடில் வைக்கிற நான்கு வீட்டுக்கு 23-ஆம் தேதியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் குடில் கட்டுவது அன்றைக்குத்தான். உங்கள் நட்சத்திரத்தைவிட இதற்குத்தான் அதிகம் சந்தோஷப்படுவார்கள், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

மூன்றாவது தின்பது. கேக் செய்யத் தெரிந்தவர்கள் செய்யுங்கள், எனக்கு அது ஒரு வருஷம் எழும்பும், ஒரு வருஷம் செங்கல்லாக இறங்கும். நான் போடுவது முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒரு பருப்பு கிடையாது. சிறுபயறை வாசனை வரும்வரை வறுத்து, தோல் புடைத்து, ரவையைவிடக் கொஞ்சம் நைசாகத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து வெல்லப்பாகு ஊற்றி, சூடு பொறுக்கிற பதத்திலேயே நெல்லிக்காய் அளவுக்கு உருட்ட வேண்டும். ஆறவிட்டால் பிடிக்காது, உதிர்ந்துபோகும். உருண்டைகளைக் கொஞ்சம் உலரவிட்டு, மஞ்சள்தூள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி, மூன்றும் ஒட்டிக்கொள்கிற மாதிரி எண்ணெயில் விட வேண்டும், அதுதான் கொத்து. முதல் தடவை எனக்கு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து மிதந்தது. போனில் மைனி (அண்ணி) சிரித்துவிட்டு, "மாவு தண்ணியா இருக்கு, கொஞ்சம் கெட்டியா கரைங்க" என்றார். தேங்காயை ஈரம் போக நன்றாகச் சிவக்க வறுத்திருந்தால் பத்து நாள் தாங்கும், வறுக்காமல் போட்டால் நாலாம் நாள் சிக்கு வாடை வரும். 21, 22-ஆம் தேதி வாக்கில் சுட்டுவிடுங்கள், அதற்கு முன்னால் சுட்டால் வீட்டிலேயே காலியாகிவிடும்.

எதில் போட்டுக் கொடுப்பது என்றால் பனையோலைப் பெட்டி. ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கி வந்துவிடுவேன், மணப்பாடு பக்கம் முடைகிற பெட்டிகள் நன்றாக இருக்கும். அதை நீங்களே முடையணும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வேறு ஆயுள். எண்ணெய்ப் பலகாரம் என்பதால் உள்ளே வாழையிலைச் சருகையோ பட்டர் பேப்பரையோ விரித்துக்கொள்ளுங்கள்.

துணி, நூல் வேலையில் இறங்கலாமா என்று கேட்பீர்கள். எங்கள் பாட்டி லேஸ் பின்னுவார். 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கியது, தலையணை மாதிரி ஒன்றில் ஊசி குத்தி, சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. ஒரு கைக்குட்டைக்கு ஓரம் பின்ன பாட்டிக்கு எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தவர்கள் யாரும் டிசம்பரில் நூலைத் தொட மாட்டார்கள். தெரிந்தவர்கள் ஜூனிலேயே தொடங்கியிருப்பார்கள், தெரியாதவர்கள் இந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள்.

கொடுக்கிற வீடு கிறிஸ்தவ வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. போன வருஷம் கேழ்வரகு நாற்றில் ஒரு டப்பா மிஞ்சியது, எதிர் வீட்டு மாமியிடம் சும்மா கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "இது எங்காத்துக் கல்யாணத்துல பாலிகை தெளிப்போமே, அதுன்னா!" என்றார். வேலைக்கு வருகிற அக்கா எட்டிப் பார்த்து, "முளைப்பாரி" என்றார், அவருக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். டப்பா பொங்கல் வரைக்கும் மாமி வீட்டு ஜன்னலில் இருந்தது, திரும்பி வரும்போது உள்ளே தட்டை ஒரு பொட்டலம். இந்த வருஷம் விதையைத் தானே ஊறப்போடுவதாகச் சொல்லியிருக்கிறார், 14-ஆம் தேதி ராத்திரி ஞாபகப்படுத்தணும்.