லாரி மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடைய ஆறு சிலிண்டர் பி.எஸ். 4 லாரி ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து ஒசூருக்குச் சரக்கு ஏற்றிச் செல்கிறது. காலையில் தடையின்றிக் கிளம்பும் வண்டி, ஆம்பூரைத் தாண்டியபின் வெயில் ஏறிய நேரத்தில் திடீரென்று நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– லாரி உரிமையாளர், வாலாஜாபேட்டை

பதில்: இப்போதே மாற்ற வேண்டாம். மெக்கானிக்கின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (ரெயில்) உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், டீசலைப் பீச்சும் எந்த இன்ஜெக்டர் எந்த நொடியில் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கணக்கிட்டு ஆணையிடுவது இசிஎம். இன்ஜெக்டரைச் சட்டென்று திறப்பதற்குப் பேட்டரியின் 24 வோல்ட் போதாது என்பதால், அதைவிட மிக உயர்ந்த மின்னழுத்தத்தை அது தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதியில் உள்ள ஈயப் பற்றவைப்பில் நுண்ணிய விரிசல் விட்டால் சூட்டில் தொடர்பு அறுந்து, ஆறியதும் கூடிவிடும். நம் பக்கத்துக் கத்திரி வெயிலில் இது நடக்கக்கூடியதே. ஆனால் கிராங்க் சென்சார் பழுதானாலும் அறிகுறி அச்சு அசலாக இதேபோல்தான் இருக்கும். சூட்டில் சென்சாரின் உள்கம்பி அறுபட்டால், இன்ஜின் சுழலும் நிலை தெரியாமல் இசிஎம் டீசலை நிறுத்திவிடுகிறது. அந்தச் சென்சாரின் விலையோ இசிஎம் விலையில் மிகச் சிறிய பங்கு.

ஆகவே அடுத்த முறை வண்டி நின்றதும், ஆறுவதற்குள் இசிஎம்மில் உள்ள விவரங்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போதே வேகம் பூஜ்யம் என்று காட்டினால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். பி 0335 என்ற பழுதுக் குறியீடும் பதிவாகியிருக்கலாம். வேகம் காட்டி, ரெயில் அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டீசல் ஃபில்டர், காற்று நுழைவு, பம்ப் ஆகியவற்றின் பக்கம் இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் இன்ஜெக்டர் இயங்கவில்லை என்றால்தான் இசிஎம் மீது கண் வைக்க வேண்டும். ஸ்கேனரே இசிஎம்மோடு பேச மறுத்தால், முதலில் ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

இந்த எர்த் விஷயத்தை நம் பட்டறைகளில் பலரும் கடந்துபோய்விடுவது எனக்குப் பெரிய வருத்தம். இன்ஜின் ஓடும்போது இசிஎம்மின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே மல்டிமீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருப்பிடித்த இணைப்பைச் சுரண்டி இறுக்காமல் வேறு எதையும் மாற்றக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 18 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். இசிஎம் வயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றிப் பச்சைக் களிம்பும் ஈரமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பி 0606 என்ற உட்பழுதுக் குறியீடு வந்தாலும், மின்சாரம் சரிந்த காரணத்தால் வந்திருக்க இடமுண்டு. சப்ளையைச் சீர்செய்து, குறியீட்டை அழித்துவிட்டு, மீண்டும் ஓட்டிய பிறகு முடிவெடுப்பதே முறை.

இணையக் காணொளிகளில் 48 வோல்ட் இருக்கிறதா என்று அளக்கச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் 2003 முதல் விற்ற ஃபோர்டு 6.0 லிட்டர் டீசல் வண்டிகளில் தனியாக இருக்கும் இன்ஜெக்ஷன் பெட்டிக்கு உரிய அளவு. உங்கள் லாரிக்குப் பொருந்தாது. பழைய வண்டியில் செய்ததுபோல், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பார் (அழுத்த அலகு) அளவையும் தாண்டக்கூடும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சோதனைகள் எல்லாம் இசிஎம்மையே காட்டினால், மேசையில் வைத்துச் சோதித்துப் பழுதுபார்க்கும் திறமையானவரிடம் முதலில் கொடுப்பதையே நான் விரும்புவேன். பெட்டி அதுவேயாக இருப்பதால் வண்டியின் தரவுகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். புதியது போட்டால் லேபிளில் உள்ள பாக எண் பொருந்த வேண்டும். பழையதில் உள்ள தரவைக் கழற்றுவதற்கு முன்பே படித்துச் சேமிக்க வேண்டும். இன்ஜெக்டர்களின் மேல் டீசல் அளவுக்கான திருத்த எண் அச்சிடப்பட்டிருந்தால் அவற்றைச் சிலிண்டர் வரிசை மாறாமல் புதிய பெட்டியில் பதிய வேண்டும். வரிசை மாறினால் புகையும் நடுக்கமும் வரும். தரவு ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் புதிய பெட்டியே பயனற்றுப் போகலாம் என்பதால், சார்ஜரை இணைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பாடியில் வெல்டிங் வைத்த மறுநாளே எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய சாமான் கடையில் கிடைக்கும் இசிஎம்மை வாங்கிப் போடலாமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: வெல்டிங் மின்சாரம் சேஸிஸ் வழியே ஓடி இசிஎம்மைத் தாக்குவது உண்டு. ஆனால் முதலில் ஃபியூஸ்களையும் எர்த் வயர்களையும் பாருங்கள். அவை மட்டும் கருகியிருந்தால் செலவு அத்தோடு முடியும். பழைய பெட்டியில் வேறொரு வண்டியின் தரவும், திருட்டுத் தடுப்புப் பூட்டு இருந்தால் அதன் குறியீடும் இருக்கும். அவற்றை உங்கள் வண்டிக்கு மாற்றி எழுதித் தரும் வசதி உறுதியான பிறகே பணம் கொடுங்கள். இனி வெல்டிங் வைக்குமுன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் இசிஎம் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் பிடிக்கச் சொல்லுங்கள்.