'சோல்ஜர்' என்றதும் பேச்சு நின்றுவிட்டதா?

உங்களிடம் மனநல ஆலோசனைக்கு வரும் வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கர், மரீன் படையில் (கடல்வழி சென்று போரிடும் தனிப் படை) இருந்தவர், திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த அமர்வில் வியட்நாம் போரைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். "மரீன்ல உங்க வேலை என்ன, ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று ஆரம்பியுங்கள்.

முதல் அமர்வில் நன்றாகப் பேசியவர், இரண்டாவதில் நீங்கள் 'சோல்ஜர்' என்றதிலிருந்து "ஐ ஆம் ஃபைன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் சோல்ஜர் என்றால் தரைப்படைக்காரர், மரீனில் இருந்தவர் ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆனாலும் தன்னை மரீன் என்றுதான் சொல்வார். நமக்கு எல்லாரும் பட்டாளத்துக்காரர்தான், அதனால் இது சட்டென்று உறைக்காது, ஆனால் அவருக்கு "இந்தப் பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியவில்லை" என்று ஆகிவிடும்.

தவறை நேராக ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் மனநோய்களைக் கண்டறிவதற்கான அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இல் இருக்கும் பண்பாட்டு நேர்காணலின் 16 கேள்விகளில் இரண்டாவதை மட்டும் அவருக்கு ஏற்ற மாதிரி கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பிரச்சினையை உங்க பழைய யூனிட் நண்பரிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வீங்க?" அவர் மறுபடி பேச ஆரம்பித்தால் காரணம் அந்தச் சொல்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒன்று மட்டும், பிசிஎல்-5 (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பை அளக்கும் கேள்வித்தாள்) மதிப்பெண் குறைவாக வந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள். தற்கொலை எண்ணம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்விகளை நெருக்கம் வரட்டும் என்று தள்ளிப்போடவே கூடாது. நெருக்கடி நேரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான உதவிக்கு 988ஐ அழைத்து 1ஐ அழுத்த வேண்டும் என்பதையும் எழுதிக் கையில் கொடுங்கள்.