அப்பா நட்ட சில்வர் ஓக்குக்குக் கார்பன் பணம் வருமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு நாலு ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அப்பா நட்டவை. அவற்றுக்கு வெளிநாட்டிலிருந்து கார்பன் கிரெடிட் பணம் வாங்கித் தருவதாகச் சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். பதிவுக் கட்டணம் 15,000 ரூபாய், 30 வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக்காரர் நமக்கு ஏன் பணம் தர வேண்டும்? அவர் ஊர் ஆலையில் ஒரு டன் கரியமில வாயுவைக் குறைக்க ஆகும் செலவில் இங்கே பல டன் குறைக்க முடியும். எங்கே குறைந்தாலும் காற்றுக்கு ஒன்றுதான். அவருக்குச் செலவு மிச்சம், நமக்கு வரவு. இப்படிக் குறைத்ததற்கு அவர் காசு கொடுத்து வாங்கும் சான்றுதான் கார்பன் கிரெடிட். 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு இதற்காக வந்ததுதான். ஆனால் அவர் காசு கொடுப்பது, அந்தக் காசு வந்ததால் நடந்த புது வேலைக்கு. உங்கள் அப்பாவின் மரம் யார் காசும் இல்லாமலே நிற்கிறதே!

வந்தவர் மரங்களை எண்ணிக் கணக்குச் சொல்லியிருப்பார். அது கணக்கே இல்லை. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. அவ்வளவை மரம் உறிஞ்ச, காய்ந்த எடையில் அரை டன்னுக்கும் சற்று மேல் மரம் புதிதாக வளர்ந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பத்திரங்களைப் படித்திருக்கிறேன். பணம் எப்போது, எவ்வளவு என்ற இடம் காலியாக இருக்கும். மரத்தை வெட்டக்கூடாது, நிலத்தை விற்றாலும் ஒப்பந்தம் தொடரும் என்பவை மட்டும் தெளிவாக இருக்கும். அவரிடம் திட்ட எண்ணைக் கேளுங்கள். இந்தத் திட்டங்களுக்குச் சான்று தரும் வெரா, கோல்டு ஸ்டாண்டர்டு அமைப்புகளின் பதிவேடுகளை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் வழி உண்டு. தோட்டத்தில் வெறுமனே கிடக்கும் சரிவு இருந்து, அதில் புதிதாக மரம் வைப்பதானால் பேசலாம். காட்டை அழித்துப் பத்து வருஷம் ஆகாத நிலம் என்றால் ஏற்கமாட்டார்கள். இன்றே அந்தச் சரிவைத் தேதி, இடம் பதியும்படி படமெடுங்கள். நடுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். நட்டுவிட்டுப் போனால், "காசில்லாமலே நட்டீர்களே" என்பார்கள். தனியாகப் போகாதீர்கள். தணிக்கைச் செலவு நாலு ஏக்கருக்குத் தாங்காது, பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் எழுதிய பிரிவுக்கு விதி பேசி முடிக்க 2024-ல் பாகு நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாடு வரை ஆயிற்று. நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்துக்கு இந்தியா 2023-ல் வெளியிட்ட பட்டியலில் பசுமை ஹைட்ரஜன் இருக்கிறது, மரம் நடுதல் இல்லை! நான் மேலே சொன்ன வழி அந்தப் பட்டியலுக்கு வெளியே, வெரா போன்ற தனி அமைப்புகள் மூலம்தான். சிறு விவசாயி போய்க் கேட்க ஊரில் ஒரு மேசை கிடையாது. அந்த மேசை இல்லாத இடத்தில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்கார்கிறார்.

பட்டா நகல் ஏற்கெனவே கொடுத்திருந்தால், எதற்கும் சம்மதிக்கவில்லை என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.