1977 ஜனதா: கேள்வி பதில்

கேள்வி: ஜனதா கூட்டணியா, கட்சியா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே? (சேலம் வாசகர்)

இந்திரா காந்தி 1975இல் கொண்டுவந்த நெருக்கடி நிலைக்குப் பிறகு அவரைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்த ஜனதா, தேர்தல் சமயத்தில் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. 1977 ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். 23ஆம் தேதியே ஸ்தாபன காங்கிரஸ் (1969 பிளவில் இந்திராவுக்கு எதிரே நின்ற காங்கிரஸ்), சரண் சிங்கின் பாரதிய லோக் தளம், ஜனசங்கம், சோஷலிஸ்ட் கட்சி நான்கும் ஜனதா என்ற பெயரில் சேர்ந்துவிட்டன. முறைப்படி இணைந்தது மே 1 அன்றுதான். அதனால் பெரும்பாலான இடங்களில் லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்திலேயே நின்றார்கள். வென்ற 295 இடங்களும் தேர்தல் ஆணையக் கணக்கில் லோக் தளத்தின் பெயரிலேயே இருக்கின்றன.

கேள்வி: தனித்தனிக் கட்சிகளாகவே கூட்டணி வைத்திருக்கலாமே? (கல்லூரி மாணவி, மதுரை)

1971இல் அதைத்தான் செய்தார்கள். ‘மகா கூட்டணி’ என்று பெயர். காங்கிரஸ் 44 சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த ஓட்டில் 352 இடங்களை அள்ளியது. அதைப் பார்த்த பிறகு, ஒரே கட்சியாக வாருங்கள், இல்லாவிட்டால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று இந்திரா எதிர்ப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய ஜெயபிரகாஷ் நாராயண் கண்டிப்பாக நின்றார்.

கேள்வி: நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்டு மக்களவையில் தீர்மானம் கொண்டுவந்த இந்திராவின் அமைச்சர் ஜகஜீவன் ராமை எப்படிச் சேர்த்தார்கள்?

ஓட்டுக்காகத்தான், வேறென்ன! பிப்ரவரி 2 அன்று பகுகுணா, நந்தினி சத்பதி ஆகியோருடன் காங்கிரஸை விட்டு வந்து ‘ஜனநாயகத்துக்கான காங்கிரஸ்’ தொடங்கி, ஜனதாவுடன் சேர்ந்து தேர்தலில் நின்றார். பெயரைக் கவனியுங்கள்! ஆனால் அவர் வெளியேறியதும்தான், இந்திரா தோற்கக்கூடும் என்ற எண்ணமே பலருக்கு வந்தது.

கேள்வி: ஜனநாயகத்தை மீட்க வந்தவர்கள் பிரதமரை ஓட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

இல்லை. ஜனதாவின் கதையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். ஸ்தாபன காங்கிரஸின் மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம், சரண் சிங் மூவருக்கும் ஆசை இருந்தது. எம்.பி.க்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. பொறுப்பை ஜெயபிரகாஷ் நாராயணிடமும் மூத்த தலைவர் கிருபளானியிடமும் விட்டார்கள். ஜகஜீவன் ராம் வருவதைவிட மொரார்ஜியே மேல் என்று மருத்துவமனையில் படுத்திருந்த சரண் சிங் கடிதம் அனுப்பினார். 81 வயதில் மொரார்ஜி பிரதமரானார். தோற்ற இருவருக்கும், ஓட்டை எண்ணிப் பார்த்துத் தோற்றோம் என்ற ஆறுதல்கூட இல்லை. சரண் சிங்கின் மனக்குறை அன்றே ஆரம்பித்துவிட்டது. ஓட்டெடுப்பில் கட்சி உடைந்திருக்கும் என்பார்கள். எப்படியும் உடைந்ததே!

கேள்வி: தமிழ்நாட்டில் அந்த அலை ஏன் வீசவில்லை?

இங்கே 39இல் 34 தொகுதிகள் அதிமுக, காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் அணிக்குப் போயின. கட்டாயக் கருத்தடைக் கொடுமை வடக்கில்தான் உச்சம். நெருக்கடி நிலையை எதிர்த்த திமுக ஆட்சி 1976 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. எம்.ஜி.ஆர். இந்திராவின் பக்கம் இருந்தார். சரி, அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

கேள்வி: உருப்படியாக ஏதாவது செய்தார்களா?

அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று சொல்லி இனி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது. ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும். உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமைக்காக நீதிமன்றம் போவதை நெருக்கடி நிலையிலும் தடுக்க முடியாது. அதே ஆட்சிதான் வந்த ஒன்றரை மாதத்துக்குள் ஒன்பது மாநிலக் காங்கிரஸ் அரசுகளையும் கலைத்தது. 1980இல் இந்திரா அதே எண்ணிக்கையில் திருப்பிக் கொடுத்தார்.

கேள்வி: கவிழ்த்தது ஆர்.எஸ்.எஸ். விவகாரமா, பதவிச் சண்டையா?

இரண்டும். ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆர்.எஸ்.எஸ். தொடர்பை விட வேண்டும் என்று சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயி போன்றவர்கள் கொள்கையாகவே கேட்டார்கள். பதவிக்குக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 1979 ஜூலையில் மொரார்ஜி விலகினார். சிறை வைத்த அதே இந்திராவின் ஆதரவில் சரண் சிங் பிரதமரானார். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பே இந்திரா ஆதரவை விலக்கிக்கொள்ள, சரண் சிங் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ராஜினாமா செய்தார்.

கேள்வி: ஜனதா கட்சி இப்போது இருக்கிறதா?

இல்லை. பழைய ஜனசங்கத்தினர் 1980இல் பிரிந்து பாஜகவைத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த ஜனதாவை சுப்பிரமணியன் சுவாமி 2013இல் அதே பாஜகவில் இணைத்துவிட்டார்.