பீரோ நிறையத் துணி, வீட்டில் ஒரு கால் மெஷின்: போர்வை தைக்கத் தொடங்குவது எப்படி?

கேள்வி: பல வருடங்களாகப் பிடித்த துணிகளை வாங்கிச் சேர்த்து வருகிறேன். மதுரைச் சுங்குடி, கலம்காரி, இக்கத், அஜ்ரக் என்று கட் பீஸ்களே ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. அம்மாவின் பருத்திப் புடவைகள், மடிப்பில் விட்டுப்போன ஒரு பட்டு, பிள்ளைகளின் பழைய பனியன்கள் ஆகியவையும் உண்டு. இவற்றை வைத்து மகளுக்கு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்க ஆசை. ஜாக்கெட் தைக்கத் தெரியும். பழைய கால் மெஷின் இருக்கிறது. எல்லாத் துணியையும் கலந்து தைக்கலாமா? உள்ளே இலவம்பஞ்சு வைக்கலாமா? மிச்சத் துணிகளை எப்படிப் பாதுகாப்பது? (வாசகி, கோவை)

பதில்: பீரோவில் இருப்பவை எல்லாமே நல்ல துணிகளாக இருக்கலாம். ஆனால் ஒரே போர்வைக்குள் எல்லாம் ஒத்துப்போகாது. முதல் போர்வை தைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நிறம் பார்த்துத்தான் துணிகளைத் தரையில் பரப்புவார்கள். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், நீலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை என்று அடுக்கும்போது மனசு நிறைந்துதான் போகும். நாலு சலவை ஆனதும் சங்கதி தெரியும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கனம். அடுத்தது சாயம். நிறத்துக்கு மூன்றாவது இடம்தான்.

மல் துணியும் ஜீன்ஸ் துணியும் ஒரே தையலில் சேர்ந்தால், துவைத்துப் பிழியும்போது இழுவை முழுவதும் மல்லின் தலையில் விழும். தையல் ஓரமாகவே அது விட்டுவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துணியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உரசிப் பாருங்கள். கண் திறந்திருந்தால் மறுபடி நிறத்துக்கே மயங்குவோம். சட்டைத் துணி அளவுக்குக் கனமுள்ளவை (பாப்ளின், கேம்பிரிக், பெரும்பாலான கலம்காரி, சுங்குடி, மெல்லிய இக்கத்) ஒரு குவியல். மல், வாயில் (voile) போன்ற மெல்லியவை இன்னொன்று. செட்டிநாட்டுக் கண்டாங்கி, ஜீன்ஸ், சென்னிமலைப் பெட்ஷீட் போன்றவை மூன்றாவது. முதல் போர்வையை முதல் குவியலிலிருந்து மட்டும் தையுங்கள். கண்டாங்கியை விட மனசில்லை என்றால் அதற்கென்று கனமான போர்வை ஒன்று பிறகு தைக்கலாம். அதன் கட்டங்களுக்கு ஜீன்ஸ் நீலம் நன்றாகவே சேரும்.

பனியன் இதில் எதிலும் சேராது. அது பின்னலாடை, இழுத்த இழுப்புக்கு நீளும். பிள்ளைகளின் நினைவுக்காக ஒன்றிரண்டு படங்களாவது வேண்டும் என்றால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைப் பின்பக்கம் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். ஒட்டாமல் வெட்டினால் சதுரம் சதுரமாக நிற்காது.

பட்டுப் புடவையை இந்தப் போர்வையில் சேர்க்க வேண்டாம். அடிக்கடி துவைக்கும் பருத்தியோடு அது பிழைக்காது, ஜரிகை உடம்பில் உறுத்தும். மடிப்பில் விட்டுப்போன புடவை வேறு இடங்களிலும் விடக் காத்திருக்கும். நல்ல பாகத்தை மட்டும் எடுத்து, பின்னால் மெல்லிய பருத்தி கொடுத்து, சுவரில் மாட்டும் அளவுக்குச் சின்னதாக ஏதாவது செய்யலாம்.

அம்மாவின் புடவைகளைப் பொறுத்தவரை, ஒரு புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே முழுப் புடவையையும் பிடித்துப் பாருங்கள். தோளில் மடிப்பு வைத்துப் பின் குத்திய இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உட்காரும்போது உரசிய இடத்தில் இழை மெலிந்து வெளிச்சம் அதிகம் தெரியும். இடுப்பில் உள்ளே செருகும் முனை பெரும்பாலும் நிறமும் வலுவும் குறையாமல் இருக்கும். ஃபால்ஸ் வைத்த புடவை என்றால் கீழ்க்கரையும் தப்பியிருக்கும். பிறகு துணியை இரண்டு கையாலும் பிடித்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு கட்டைவிரலாலும் வெடுக்கென்று இழுங்கள். ‘சர்ர்’ என்று இழை விடும் சத்தம் கேட்டால் அந்தப் பகுதியை மேல்துணிக்கு எடுக்காதீர்கள். கலம்காரியில் கறுப்புக் கோடுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். இரும்புத் துருவிலிருந்து காய்ச்சும் கறுப்பு நாளாக ஆக இழையை அரிக்கும். பழைய கலம்காரி கிழிவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

இனி சாயம். ஒவ்வொரு துணியிலிருந்தும் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். கறை பிடித்தால் அந்தத் துணியைத் தனி வாளியில், தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, அவுரி நீலம் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. அவுரியை ஈரமில்லாத வெள்ளைத் துணியால் தேய்த்தும் பாருங்கள். காய்ந்த நிலையிலும் அது கையில் ஒட்டும். கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். இழையில் பிடிக்காமல் மேலே நிற்கும் சாயம் வெளியே போய்த்தான் ஆக வேண்டும், உப்பை நம்பி உட்காராதீர்கள். பத்து அலசலுக்குப் பிறகும் விடும் துணியைத் தயங்காமல் விலக்குங்கள். எவ்வளவு அழகான சிவப்பாக இருந்தாலும் பக்கத்துச் சதுரத்தை ரோஸ் ஆக்கிவிடும்.

சாயம் போகாத துணியையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயப்போட வேண்டும். புதுப் பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சகஜம். கைத்தறி இன்னும் கூடச் சுருங்கலாம். ஏற்கெனவே சுருங்கி முடித்த பழைய புடவைக்குப் பக்கத்தில் துவைக்காத கட் பீஸ் இருந்தால், முதல் சலவையில் போர்வை அங்கங்கே கொசுவிக்கொள்ளும்.

கடையில் அளந்து வாங்கும்போதும் இந்தச் சுருக்கம் கணக்கில் வர வேண்டும். தைத்த பின் 6 அங்குலச் சதுரம் வேண்டும் என்றால் 6½ அங்குலமாக வெட்டுவோம். அரை மீட்டர் என்பது சுமார் 19.7 அங்குலம். மூன்று வரிசைக்கு 19½ போதும், சரியாக இருக்கிறதே என்று தோன்றும். 4 சதவீதம் சுருங்கினால் கையில் இருப்பது 19 அங்குலத்துக்கும் குறைவு, மூன்றாவது வரிசை போச்சு. அதனால் இனி பிடித்த துணியைக் கண்டால் அரை மீட்டர் கேட்காதீர்கள், 60 சென்டிமீட்டர் கேளுங்கள். 44 அங்குல அகலத் துணி ஒரு மீட்டர், துவைத்த பிறகு, 30 சதுரம் தரும். ஒற்றைக் கட்டிலுக்கு 60 × 90 அங்குலப் போர்வை என்றால் குறுக்கே 10, நெடுக்கே 15, மொத்தம் 150 சதுரம். எல்லாத் துணியும் சேர்த்து 5 மீட்டர் போதும். உங்கள் பீரோவில் இருப்பது இதைப் போலப் பல மடங்கு இருக்கும். கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் போகாமலே சமாளிக்கலாம்.

இலவம்பஞ்சு வேண்டாம். அது தலையணைக்கு நல்லது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. மூடிய உறைக்குள் அடைத்து வைக்கலாம், விரிப்பாக நிற்காது. துவைத்தால் மூலைக்கு மூலை கட்டிகளாகத் திரண்டுவிடும், ஊசித் துளைகளிலும் எட்டிப் பார்க்கும். ஜெய்ப்பூர் ரஜாய் என்னும் மெத்துப் போர்வையில் வைப்பது நன்றாகக் கொட்டிப் பதப்படுத்திய பருத்திப் பஞ்சு; அது வேறு கைவேலை. பாலியஸ்டர் விரிப்பு கடையில் கிடைக்கும், துவைக்கவும் சுலபம். ஆனால் கோவையின் மார்கழிக்குக்கூட அது கூடுதல் என்பது என் அபிப்பிராயம். மகள் குளிர்நாட்டில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சே வைக்காத போர்வைதான் தோது. வங்காளத்துக் காந்தா அப்படித்தான். பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அங்கே வழக்கம். நீங்களும் மூன்று அடுக்காகத் தையுங்கள். மேலே உங்கள் சதுரங்கள். அடியில் அம்மாவின் புடவை ஒன்று; ஐந்தரை மீட்டர் புடவையைச் சரிபாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 90 × 108 அங்குலம் வரும், தாராளம். நடுவில் பழைய எட்டு முழ வேட்டி. அதையும் இரண்டாக வெட்டி, வெட்டிய துண்டுகளின் நீளப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் சுமார் 70 × 95 வரும். அடித்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

சதுரங்களை இணைக்கும் தையலில் ஜாக்கெட் பழக்கம் காலை வாரும். ஜாக்கெட்டில் பிற்பாடு பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விடுவோம். இங்கே கால் அங்குலம்தான், எல்லாத் தையலிலும் அதே கால் அங்குலம். அரைக்கால் அங்குலம் (⅛) கூடுதலாகப் பிடித்தால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து கால் அங்குலம் போகும். ஒரு வரிசையில் ஒன்பது தையல், அதாவது இரண்டே கால் அங்குலம் காணாமல் போகும். அடுத்த வரிசையில் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. இதற்குக் கண் மட்டம் உதவாது. இஞ்ச் டேப்பை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை கால் அங்குலக் கோட்டில் இறங்கும்படி நிறுத்துங்கள். இஞ்ச் டேப்பின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் தடித்த ஒட்டு டேப் ஒன்றை நாலைந்து மடிப்பாக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்தத் திட்டில் உரசிக்கொண்டே போகட்டும். இதைச் செய்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சதுரம் வெட்டும்போது பாவும் ஊடையும் ஓரங்களுக்கு நேராக இருக்க வேண்டும். கிராஸில் (மூலைவாக்கில்) வெட்டினால் இழுபடும். டிசைன் கோணலாக அச்சாகியிருந்தால் இழையைப் பாருங்கள், டிசைனை விட்டுவிடுங்கள். வரிசையாகத் தைத்த பின் முதல் வரிசையின் தையல்களை இடப்பக்கமாகவும் அடுத்ததை வலப்பக்கமாகவும் மடித்து இஸ்திரி போட்டால், இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் தாமாகவே பொருந்தி உட்காரும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள்.

மூன்று அடுக்கையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். அப்புறம் ஓட்டுத் தையல், கையிலோ மெஷினிலோ. நான் கைத்தையலைத்தான் சொல்வேன். கால் மெஷினில் மூன்று அடுக்கு போகும்போது மேல்துணி முன்னால் தள்ளப்பட்டு அலை அலையாக நிற்கும். மெஷின்தான் வேண்டும் என்றால் தலைமேல் இருக்கும் திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள், 16-ம் நம்பர் ஊசி போடுங்கள், தையலைச் சற்று நீளமாக வையுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். கையில் என்றால் ஆங்கர் எம்பிராய்டரி நூலில் மூன்று இழை, முழங்கை நீளம். அதற்கு மேல் எடுத்தால் முடிச்சு விழும். வரிசைகளுக்கு நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே செய்யும் வேலை இது, அவசரப்படாதீர்கள்.

ஓரப்பட்டிக்குக் கிராஸ் பீஸ் தேவையில்லை. ஓரம் வளையாமல் நேராக இருப்பதால் நேர்ப்பட்டியே போதும். துணியின் அகலம் முழுக்க வெட்டிய 2½ அங்குலப் பட்டிகள் எட்டை இணைத்தால் சுற்றளவான 300 அங்குலத்தைத் தாண்டும்.

சதுரத்துக்குத் தேறாத கோணல்மாணல் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு பகுதிகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ இப்படிப்பட்ட துண்டுகளுக்கென்றே அமைந்தது. அடிப்புடவையை விரித்து, மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து ஓட்டுத் தையல் போட்டபடி ஓரமாகவே சுற்றி வந்து, நடுவில் போய் முடிப்பார்கள். இணைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். அளவெடுப்பே கிடையாது. கடைசியில் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ‘பூலா’ வைப்பார்கள். அது இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியுமாம். உங்கள் இரண்டாவது போர்வை இதுவாக இருந்தால் நல்லது. ஒரு துண்டும் வீணாகாது.

மிச்சத் துணிகளுக்கு வருவோம். கஞ்சி போட்ட துணியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். வெள்ளிப்பூச்சி தேடி வருவது அந்தக் கஞ்சிக்காகத்தான். புதுக் கட் பீஸிலும் கஞ்சி இருக்கும் என்பதால் வாங்கி வந்ததும் துவைத்துவிட்டால் சாயம், சுருக்கம், பூச்சி மூன்றும் ஒரே வேலையில் முடியும். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மர அலமாரி என்றால் பலகையின் மேலும் ஒரு துணி விரியுங்கள், இல்லாவிட்டால் மரத்தோடு உரசும் மடிப்பு நாளடைவில் பழுப்பேறும். நாப்தலின் உருண்டையின் வாடை துணியை விட்டு லேசில் போகாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆபத்தும்கூட. துணிப் பையில் கட்டிய வசம்பும் நிழலில் காய்ந்த வேப்பிலையும் போதும், வாசனை குறைந்ததும் மாற்றிவிடுங்கள். பட்டையும் ஜரிகைப் புடவைகளையும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். உங்கள் பட்டு விட்டதும் மடிப்பில்தானே.

ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு காகிதச் சீட்டைக் குத்தி, துவைத்ததா இல்லையா, எத்தனை சென்டிமீட்டர், சாயம் விடுமா என்று எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த போர்வைக்குப் பீரோவைத் திறக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி நனைத்துப் பார்க்க வேண்டியிருக்காது.