கட்டத்தில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகள் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். நோட்டில் இருப்பதை எக்செல்லில் ஏற்றச் சொல்லி மகன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். திறந்தால் வெறும் கட்டங்கள். புல எண் 12/3 என்று அடித்தால் மார்ச் 12 ஆகிவிடுகிறது. ஆதார் எண்ணை அடித்தால் நடுவில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து வருகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?
– வாசகி, கொரடாச்சேரி

பதில்: தப்பு உங்களுடையது இல்லை, சகோதரி. மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த நான், ஐம்பது வயதுக்கு மேல்தான் எக்செல்லுக்கு வந்தேன். இதே இடத்தில்தான் நானும் மாட்டிக்கொண்டு நின்றேன்.

நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு பெயர், மா, சிப்பம், தொகை என்று பத்தி பிரிப்பீர்கள் அல்லவா? இங்கே கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறது. மேலே ஏ, பி, சி என்று இருப்பவை பத்திகள்; இடப்பக்கம் 1, 2, 3 என்று இருப்பவை வரிசைகள். சி பத்தியும் 5ஆம் வரிசையும் சேரும் கட்டத்துக்குப் பெயர் சி5. நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதை இடது மேல் மூலையில் உள்ள சின்னப் பெட்டி காட்டும். வரிசைகள் 10,48,576 வரை போகும், இடம் போதாதோ என்ற கவலையே வேண்டாம்.

அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில், எஃப்எக்ஸ் என்ற எழுத்துகளை அடுத்து, நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதுதான் ஃபார்முலா பார். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன். கட்டத்தில் தெரிவது எக்செல் அலங்கரித்துக் காட்டுவது. உள்ளே உண்மையில் இருப்பதைப் பட்டையில்தான் பார்க்க முடியும்.

உங்கள் 12/3 மீது ஒரு கிளிக் செய்து பட்டையைப் பாருங்கள். வருஷத்தோடு முழுத் தேதி இருக்கும். எக்செல் தேதியை நாள் கணக்காக வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1 அதற்கு முதல் நாள். 2025 மார்ச் 12 என்றால் 45728. அடித்த பிறகு ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினால் இந்த 45728தான் வந்து நிற்கும், புல எண் திரும்பி வராது. ஆகவே முன்கூட்டியே செய்யுங்கள்: பத்தியின் தலையெழுத்தைக் கிளிக் செய்து, ஹோம் பகுதியில் ‘ஜெனரல்’ என்றிருக்கும் பெட்டியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு, அப்புறம் அடியுங்கள். மேலே உள்ள மற்ற பகுதிகளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

ஆதாரில் ஒன்றும் கெடவில்லை. 12 இலக்கம் வந்தாலே எக்செல் அப்படிச் சுருக்கிக் காட்டும். பட்டையில் முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். ஆனால் வங்கிக் கணக்கு எண்ணில் மிக ஜாக்கிரதை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கம் அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், பட்டையிலும் பூஜ்யம்தான் இருக்கும். ஒரு சம்பா சமயத்தில் எங்கள் குழுவினரின் கணக்கு எண்களை இப்படி ஏற்றிக் கொடுத்துவிட்டேன். பட்டியல் திரும்பி வந்தது. உரம் வாங்கப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள் இன்னும் பத்து நாள் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. கணக்கு எண்ணுக்கும் ‘டெக்ஸ்ட்’தான், மறந்துவிடாதீர்கள்.

சிப்பக் கணக்கில் இதற்கு நேர்மாறு. ‘52 சிப்பம்’ என்று அடித்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டாது. சிப்பம் என்பதைத் தலைப்பில் மட்டும் எழுதி, கீழே வெறும் 52 போடுங்கள். எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். இடப்பக்கம் நிற்கும் எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள். சரியாக இருந்தால், கட்டங்களை மேலிருந்து கீழாக இழுத்துத் தேர்ந்தெடுத்ததுமே திரையின் அடிப்பட்டையில் கூட்டுத்தொகை தெரியும்.

மாவை ஏக்கராக்க வேண்டுமா? நம் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர். காலிக் கட்டத்தில் சமக்குறி போட்டு, மா உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து, /3 அடித்து என்டர் தட்டுங்கள். கட்டத்தில் விடை இருக்கும், பட்டையில் நீங்கள் போட்ட கணக்கு இருக்கும்.

வரிசையாக ##### வந்தால் பத்தி குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தலையெழுத்துக்கு நடுவே உள்ள கோட்டில் இரட்டைக் கிளிக் போதும். இருப்பதன் மேலேயே அடித்தால் பழையது போய்விடும். திருத்துவதற்கு எஃப்2. தவறிப்போனால் கன்ட்ரோல் இசட்.

அடியில் ‘ஷீட்1’ என்றிருக்கிறதே, அதை இரட்டைக் கிளிக் செய்து ‘குறுவை’ என்று பெயர் வையுங்கள். பக்கத்துக் கூட்டல் குறியைத் தட்டி சம்பா, தாளடி என்று இரண்டு சேருங்கள். மூன்றிலும் பத்திகள் ஒரே வரிசையில் இருக்கட்டும்.

கேள்வி: எக்செல் வாங்க வீட்டில் வசதி இல்லை. இலவசமாகக் கற்றுக்கொள்ள வழி உண்டா?
– கல்லூரி மாணவர், பாபநாசம்

பதில்: உண்டு தம்பி. லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். மேல் பட்டைகள் வேறு மாதிரி இருக்கும். கட்டம், பத்தி, ஃபார்முலா பார் எல்லாம் அதே இடத்தில்தான். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் கூகுள் ஷீட்ஸ். கால்க்கில் சேமிக்கும்போது எக்செல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், கல்லூரிக் கணினியிலும் அந்தக் கோப்பு திறக்கும்.