ஆசனம் பழகியாச்சு, அடுத்தது குண்டலினியா?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் நடக்கும் காலை யோகா வகுப்புக்குச் சில வருடங்களாகப் போகிறேன். வயது 58. பி.பி.க்கு மருந்து சாப்பிடுகிறேன். "ஆசனம் போதும், இனி ஆன்மிகப் படி" என்று சொல்லி, டீச்சர் மூச்சை அடக்கும் பயிற்சியை ஆரம்பித்திருக்கிறார். மும்பைக்கு வெளியே கர்ஜத்தில், முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாகச் சொல்லப்படும் சக்தியை எழுப்பும் இரண்டு நாள் குண்டலினி முகாமுக்கு முன்பணமும் கேட்கிறார். உபதேசம் வாங்காமல் மந்திரம் ஜபிக்கவே கூடாது என்கிறார் மாமியார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பி.பி. விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம், வேகமாக ஊதித் தள்ளும் கபாலபாதி, பஸ்த்ரிகா மூன்றையும் இப்போதே நிறுத்துங்கள். உங்கள் டாக்டர் சரி என்றால் பிறகு பார்க்கலாம். யோகா செய்கிறோமே என்று மருந்தை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம்.

இனி அந்த 'ஆன்மிகப் படி'க்கு வருவோம். ஆசனம் முடிந்தபின் ஏறும் மாடி அல்ல அது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். அதற்கு முன்னாலேயே இயமமும் (விலக்க வேண்டியவை) நியமமும் (கடைப்பிடிக்க வேண்டியவை) வந்துவிடுகின்றன. யோக சூத்திரத்தில் பாடபேதத்தைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள் உண்டு. அவற்றில் ஆசனத்தை நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. இயமத்துக்கு அவர் சொல்லும் ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், அதாவது மூன்றாம் பகுதியில், இதே வரிசையில்தான் போகிறார். ஆனால் அவருடைய இயமப் பட்டியல் இன்னும் நீளம். பகிர்ந்து உண்பதைக்கூட அதில் சேர்த்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. யோகியின் முதல் தகுதிகளில் ஒன்றாகச் சோற்றைப் பங்கிடுவதை வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

ஆகவே ஒரு மாதத்துக்கு ஒரு இயமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பொய்யாமை மாதத்தில், உண்மையா என்று தெரியாத எதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதில்லை. அஹிம்சை மாதத்தில், தண்ணீர் டேங்கர் பற்றிய சொசைட்டி மீட்டிங்கிலும் குரலை உயர்த்துவதில்லை. கும்பகத்தைவிட இது கடினம், செய்து பாருங்கள்.

மூச்சுக்கு வந்தால், 16 மாத்திரை (பழைய கால அளவு) இடது நாசியால் இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் வெளியே விடும் கணக்கைத் திருமூலர் தருகிறார். மாத்திரைக்கு ஒரு வினாடி என்று வைத்தாலே நிறுத்துவது மட்டும் ஒரு நிமிடத்தைத் தாண்டுகிறது. நீண்ட காலம் பழகியவருக்கான அளவு இது. யூடியூபைப் பார்த்து நாளைக் காலையே செய்வதற்கல்ல. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை என்ற நூலும், சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் பிராணனை மெல்ல மெல்லத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் செய்பவனையே அழிக்கும் என்கிறது. உங்களுக்கு எளிய வழி: நாற்காலியிலோ தரையிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. பீஜ மந்திரங்களும் (ஓரசை விதை மந்திரங்கள்) தாந்திரிக உபாசனைகளும் குருவிடம் தீட்சை பெற்றே செய்ய வேண்டியவை. இறைவன் பெயரைச் சொல்ல அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதே பக்தி மரபின் பொதுவான நிலை. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் தேவாரமோ அபிராமி அந்தாதியோ பாராயணம் செய்பவராக இருந்தால், நியமத்தில் வரும் ஸ்வாத்யாயம், அதாவது புனித நூல்களை ஓதிப் படிப்பது, வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது என்று அர்த்தம். பொருள் தெரிந்து, நாளுக்கு ஒரு பாட்டாகப் படியுங்கள். மாமியாரையும் கூட உட்கார வையுங்கள். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடலாம்.

முகாமுக்கு என் பதில்: போகாதீர்கள். குண்டலினியை இரண்டு நாளில் எழுப்பித் தருவதாகச் சொல்லும் மூலநூல் எதையும் நான் பார்த்ததில்லை. மூச்சை அடக்கச் சொல்லுமுன் உங்கள் பி.பி. பற்றி டீச்சர் கேட்டாரா? அவர் யாரிடம், எவ்வளவு காலம் கற்றார்? கேட்டால் கோபப்படுகிறாரா? அந்தக் கோபமே போதுமான பதில். அதிக நேரம் தியானம் செய்வதால் சிலருக்குத் தூக்கம் கெடும், பயம் வரும். அதை 'சக்தி எழும்புகிறது' என்று விளக்குபவரிடமிருந்து விலகி, மருத்துவரைப் பாருங்கள்.

மும்பையில் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்ரீ யோகேந்திரர் 1918இல் தொடங்கிய யோகா இன்ஸ்டிடியூட் சாந்தாகுரூஸில் இருக்கிறது. குடும்பஸ்தர்களுக்கான யோகத்தையே அவர் முன்வைத்தார். சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவாலாவில் நிறுவிய கைவல்யதாமாவுக்கு மரைன் டிரைவில் கிளை உண்டு. எங்கே சேர்ந்தாலும் படிவத்தில் பி.பி.யை மறைக்காமல் எழுதுங்கள். திருமந்திரம் வாங்கினால் உரையோடு வாங்குங்கள். மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் பகுதிகளில் தொடங்கி, பிராணாயாமம் வந்ததும் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.